நாலு விரல் தண்ணீர்

சாவுக்கு எடுத்து வந்த நீர்மாலைக் குடத்துத் தண்ணீர் சுயம்புவின் தலையில் விழுந்துகொண்டிருந்தபோது தொழுவத்தில் குதிரை கனைத்தது. குடத்தைச் சரித்துக்கொண்டிருந்த மகன் வானமாமலையின் கை நின்றது. மழைக்குத் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்திருந்த பக்கத்து வீட்டு ஹமீதும் திரும்பிப் பார்த்தார். பெஞ்சியில் உட்காரவைத்திருந்த சுயம்பு மட்டும்தான் திரும்பவில்லை. அந்தச் சத்தத்துக்கு அவர் திரும்பாதது இருபது வருஷத்தில் அன்றைக்குத்தான்.

"அது பசிச்சுல்லா கூப்பிடுது," என்றாள் பேராச்சி. "ஆராவது ரெண்டு பிடி புல்லு போடுங்களேன்."

விடிந்ததிலிருந்து மூன்றாம் தரமாகச் சொல்கிறாள். அழுகைக்கு நடுவே சொன்னதால் ஒருவர் காதிலும் ஏறவில்லை. சுயம்புவின் அக்காள் சொர்ணம்மாள், மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து மழையில் நனைந்துகொண்டே ஓடி வந்தவள், அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"ஏட்டி, புருசனக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கு. இப்பமா குதிரப் பேச்சு?"

பேராச்சி உட்கார்ந்தாள். போடுவதற்குப் புல்லும் இல்லை என்பது அவளுக்குத்தான் தெரியும். நேற்றோடு கட்டு தீர்ந்துவிட்டது. விடிந்ததும் சயான் கோட்டை மேட்டுக்குப் போய் அறுத்துக்கொண்டு வர வேண்டிய ஆள்தான் பெஞ்சியில் ஈரத் தலையோடு சாய்ந்திருக்கிறார்.

தாராவியில் புல்லுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. ஆடி மழை பெய்தால் தோல் பதனிடுகிற கிட்டங்கிகளுக்குப் பின்னால் ஓடுகிற ஓடைக்கரை முழுக்க இடுப்பளவுக்குப் பச்சை நிற்கும். வீட்டிலிருந்து நாற்பது எட்டு வைத்தால் போதும். ஆனால் சுயம்பு அதைத் தொடமாட்டார். "சுண்ணாம்பும் சாயமும் குடிச்சு வளந்த புல்லு. கண்ணுக்குத்தான் பச்ச, வயித்துக்கு வெசம்," என்று சொல்லிவிட்டு ஒரு மைல் நடந்து மேட்டுக்குப் போவார். அறுத்து வந்ததை மழை ஈரம் போக உதறி வீட்டுக்குள் கொடியில் காயப் போடுவார். பேராச்சியின் துவைத்த சேலை ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும். பிறகு புல்லை ஒவ்வொரு பிடியாக அளைந்து முள்ளையும் காகிதத்தையும் பொறுக்கிப் போட்டு, மூக்கருகே வைத்து மோந்து பார்த்துவிட்டுத்தான் குதிரைக்குக் கொடுப்பார். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அவர் இலையை அப்படிப் பார்த்து உட்கார்ந்ததில்லை.

கொள்ளுக்கும் சட்டம் உண்டு. ராத்திரி முழுக்க ஊற வேண்டும், காலையில் வேக வேண்டும், கை பொறுக்கிற சூட்டுக்கு ஆற வேண்டும். முதலில் தண்ணீர், அப்புறம் புல், கடைசியில்தான் கொள்ளு. ஓடி வந்த சூட்டில் ஒரு பருக்கை கூடாது. தாதர் ஸ்டேஷன் வாசலில் மற்ற விக்டோரியா குதிரை வண்டிக்காரர்கள் மிச்ச ரொட்டி, வெல்லம் என்று கிடைத்ததை எல்லாம் குதிரை வாயில் திணிப்பார்கள். சுயம்பு வண்டியில் ஏறுகிற மாட்டுங்கா ஆபீஸ்காரர் யாராவது பிரியமாக ஒரு பிஸ்கோத்தை நீட்டினால், "வேண்டாம் சாமி, அதுக்குச் சேராது" என்று கும்பிட்டுத் தடுத்துவிடுவார்.

பொழுது சாய்ந்ததும் குதிரையின் விலாவுக்குக் கீழே வயிற்றில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். உள்ளே கல் உருளுகிற மாதிரி சத்தம் கேட்க வேண்டுமாம். வயிறு பேசாமல் இருந்தால் ஆபத்தாம். பேராச்சி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று இதைப் பார்ப்பாள்.

"அதுக்கு வயித்துல காது வைக்கீரே, என்னிக்காவது என்னயச் சாப்பிட்டியான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கீரா?"

"நீதான் வாயத் தொறந்து சொல்லிருவியே. அது ஆருட்டப் போயிச் சொல்லும்?" என்பார் சுயம்பு.

குதிரைக்கு அவர் வைத்த பேர் சிட்டு. பேராச்சி ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு அது சவத்து மூதி. காலையில் முதலில் அது தின்ன வேண்டும், அப்புறம்தான் அவர் தின்பார், அவர் தின்ற பிறகுதான் அவள் தின்ன முடியும். இருபது வருஷம் மூன்றாவது பந்தியில் சாப்பிட்டவளுக்குக் கோபம் வராதா?

நேற்றுச் சாயங்காலமும் அந்தக் கோபம்தான். சுயம்பு நனைந்து வந்து, தோள்பட்டை கடுக்கிறது என்று சீக்கிரமே படுத்துவிட்டார். பேராச்சி சுளவில் ரேஷன் அரிசியைக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். படுத்தபடியே அவர் சொன்னார்:

"பேராச்சி, வாளியில கொள்ளுக்குத் தண்ணி காணாது. நாலு விரலு மேல நிக்க மாதிரி ஊத்திரு."

"உமக்கு அதான பொண்டாட்டி? போயி அது கூடயே கிடயும்."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அரிசியைப் பொறுக்கி முடித்துவிட்டு ஊற்றலாம் என்றுதான் இவளும் நினைத்தாள். அப்புறம் கண் அசந்துவிட்டது.

விடியும்போது பாயில் ஆள் இல்லை. தொழுவத்துத் தகரத்தில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கையில் தண்ணீர்ச் செம்பு. மடியெல்லாம் ஈரம். குதிரை அவர் தலைமுடியை மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் வாளியில் கொள்ளுக்கு மேலே சரியாக நாலு விரல் தண்ணீர்.

இவளை எழுப்பவில்லை. ஏன் ஊற்றவில்லை என்று கேட்கவில்லை. எழுப்பி இரண்டு வார்த்தை ஏசியிருந்தால்கூட அவள் எழுந்து போயிருப்பாள், அவர் படுத்திருப்பார், இன்னும் கொஞ்ச நேரமாவது இருந்திருப்பார். பேராச்சி இதை யாரிடமும் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லாம் "நல்ல சாவு, படுக்கையில கெடக்காம போய்ட்டாரு" என்றபோது தலையை மட்டும் ஆட்டினாள். உள்ளே அந்த வாளி நின்றுகொண்டே இருந்தது. இனி அவருக்கு ஒன்றும் செய்ய முடியாது. அவர் கடைசியாகச் செய்யப் போன வேலையையாவது யாரேனும் முடித்து, அந்தக் குதிரைக்கு முறையாகத் தீனி வைத்துவிட்டால் போதும் என்றிருந்தது. ஆனால் துட்டி வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. ஊறிய கொள்ளு வாளியிலேயே கிடந்தது.

குளிப்பாட்டி, கோடி போர்த்தி, நெற்றியில் நாணயம் ஒட்டி, வாய்க்கரிசி போட வரிசையாக வந்தார்கள். ரேஷன் காலம். மனிதனுக்கே வாரத்துக்கு இத்தனை என்று அளந்து போடுகிற அரிசியில் ஆளுக்கு ஒரு பிடிதான் கொண்டுவர முடிந்தது. சொர்ணம்மாள் மட்டும் தீபாவளிக்கென்று சேர்த்து வைத்திருந்த பச்சரிசி அத்தனையையும் ஓலைப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஒரே தம்பி. அவரைப் பதினைந்து வயதில் அவள் புருஷன்தான் ஊரிலிருந்து பம்பாய்க்கு ரயிலேற்றிக் கூட்டிவந்தான்.

பேராச்சி மூன்று தரம் அரிசியைப் போட்டாள். உதட்டோரம் தங்கிய ஒரு பருக்கையை விரலால் எடுத்து உள்ளே வைத்தாள். இன்றைக்குத்தான் இவர் குதிரைக்கு முன்னால் சாப்பிடுகிறார் என்று ஒரு நினைப்பு வந்தது. அதோடு அழுகை பொங்கிவிட்டது.

பாடை தெரு முக்குத் திரும்பியது. ஆண்கள் எல்லாரும் சயான் சுடுகாட்டுக்குப் போய்விட்டார்கள். பெண்கள் பேராச்சியை வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தலையில் தண்ணீர் ஊற்றி, வேறு சேலை கட்டிவிட்டு, மூலையில் ஒரு சாக்கை விரித்து உட்காரவைத்தார்கள். வீட்டைக் கழுவி விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சொர்ணம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தாள். இடுப்பில் காலி ஓலைப்பெட்டி.

"இனிமே நிம்மதியா இருட்டி. உன் குதிர வயிறு நெறஞ்சிட்டு."

"என்ன போட்டீய மைனி?"

"வாய்க்கரிசி மிச்சம் கெடந்துது. தம்பி அதப் பிள்ள மாதிரில்லா வளத்தான்? எல்லாரும் அவனுக்குப் போட்டாவ, அது ஒண்ணுதான் போடல. அது போட வேண்டியத அதுக்கே போட்டேன். பெட்டியரிசி அம்புட்டயும் தின்னுட்டு, பாவம். மேல ஒரு வாளி தண்ணியும் குடிச்சுது."

பேராச்சி சாக்கிலிருந்து நிமிர்ந்தாள். "பச்சரிசியா? பெட்டி முழுக்கவா?"

"வாய்க்கரிசிக்குப் புழுங்கலையா கொண்டாருவாவ?"

சொர்ணம்மாளின் கண் அழுது அழுது வீங்கியிருந்தது. அவளை என்ன சொல்வது? தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு இல்லாமல் போனாலும் சரி என்று கொட்டிவிட்டு வந்து நிற்கிறாள். பேராச்சி சுவரில் சாய்ந்தாள். ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். காது தொழுவத்திலேயே இருந்தது.

ஒரு மணி நேரம் போயிருக்கும். முதலில் குளம்பு தரையைப் பிறாண்டுகிற சத்தம். நின்றது. மறுபடி பிறாண்டியது. பிறகு தகரத்தில் பெரிய உடம்பு ஒன்று மோதியதுபோல் ஓர் இடி.

பேராச்சி எழுந்துவிட்டாள்.

"எங்கட்டி போற?" சொர்ணம்மாள் குறுக்கே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டாள். "பதினாறு கழியாம நீ வாசப்படி தாண்டக்கூடாது. தெரு பாக்கும்."

"பாக்கட்டும் மைனி."

கையை விலக்கிக்கொண்டு அவள் மழையில் இறங்கினாள்.

சிட்டு முன்னங்காலை மடித்துச் சரிந்துகொண்டிருந்தது. கழுத்தெல்லாம் வேர்வை. மேல் உதடு சுருண்டு பல் தெரிய, தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. விலா இரண்டு பக்கமும் உப்பியிருந்தது. பேராச்சி குனிந்து, அவர் வைக்கிற அதே இடத்தில் காதை வைத்தாள். இருபது வருஷத்தில் முதல் தடவை. ஒரு சத்தமும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுப் போன வீடுபோல உள்ளே அடங்கிக் கிடந்தது.

வைத்தியம் தெரிந்த ஆள் யாரும் தெருவில் இல்லை. தெரிந்த ஒருவரும் இப்போது சயானில் கட்டைமேல் கிடக்கிறார். ஆனால் இருபது வருஷமாக வாசலில் கையைக் கட்டிக்கொண்டு முணுமுணுத்தபடி அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தவள் இவள். ஒருமுறை யாரோ கல்யாண வீட்டுச் சோற்றைப் போட்டு இது இப்படித்தான் உப்பியது. படுக்கவிடக் கூடாது, படுத்து உருண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று அவர் நடத்திக்கொண்டே இருந்தார். அன்றைக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தது யார்? ஏசிக்கொண்டே இவள்தான் வைத்தாள்.

"பேராச்சிக்கா, என்ன வேணும்?" அடுத்த வீட்டு வாசலிலிருந்து ஹமீதின் மனைவி ஷரீஃபுன்னிசா கேட்டாள்.

"ஓமம், இஞ்சி, சுண்டக்கா அளவு பெருங்காயம். தட்டிப் போட்டுப் பெரிய செம்பு நெறயக் கொதிக்கணும். எங்க வீட்ல அடுப்பு மூட்ட முடியாதே தாயீ."

"எங்க வீட்ல மூட்டலாம்லா," என்றவள் உள்ளே ஓடிவிட்டாள்.

பேராச்சி கயிற்றைப் பிடித்து இழுத்தாள். குதிரை அசையவில்லை. பின்னங்காலும் மடியப் பார்த்தது. "எந்தி சிட்டு," என்று கெஞ்சினாள். "எந்தியம்மா. அவுக எந்திக்கச் சொல்லுதாவ. என் ராசாத்தில்லா, சிட்டூ." அந்தக் குரல் அதற்குப் பழக்கமில்லை. காதைக்கூடத் திருப்பவில்லை. அவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை.

"ஏ சவத்து மூதி! எந்தி! இன்னிக்கே நீயும் போவணுமா? எந்திங்கேன்!"

சிட்டு விலுக்கென்று காதைத் தூக்கியது. முன்னங்காலை ஊன்றி, உடம்பை உதறிக்கொண்டு எழுந்து நின்றது.

சந்து முழுக்கப் பார்த்தது. புருஷனைத் தூக்கி இரண்டு மணி நேரம் ஆகாத ஒருத்தி, தலைவிரி கோலமாக, மழையில் ஒரு குதிரையைப் பிடித்துக்கொண்டு கிட்டங்கிச் சுவரிலிருந்து தண்ணீர்க் குழாய் வரைக்கும், குழாயிலிருந்து சுவர் வரைக்கும் நடந்தாள். ஒரு கிழவி வாயில் கை வைத்துக்கொண்டாள். ஷரீஃபுன்னிசா கஷாயத்தை ஆற்றிக்கொண்டு வந்து குதிரையின் தலையை உயர்த்திப் பிடிக்க, பேராச்சி மூங்கில் குழாயால் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைவாயில் ஊற்றினாள். பாதி அவள் சேலையில் வழிந்தது. மறுபடி நடந்தாள்.

இந்நேரம் தீ வைத்திருப்பார்கள் என்று நினைத்தாள். இந்த மழையில் கட்டை பிடித்திருக்குமோ என்னவோ. 'எய்யா, நான் ஊத்தல, தப்புத்தான். இதையும் உம்மகூட அனுப்பிட்டு நான் எப்படி இருப்பேன்? இத மட்டும் விட்டுட்டுப் போவும்' என்று மனதுக்குள் அவரோடு சண்டை போட்டாள். மூச்சு வாங்கியது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நாலாவது நடையா ஐந்தாவது நடையா, கயிற்றில் இன்னொரு கை விழுந்தது. சொர்ணம்மாள். மழையில் அவளும் இறங்கிவிட்டாள்.

"நாந்தான் கொன்னுட்டனாட்டி?" என்றாள். "தம்பிக்குச் செய்யுததா நெனச்சில்லா செஞ்சேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லப் பேராச்சிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவள் குதிரையின் கழுத்தைத் துடைத்துவிட்டாள்.

"நானும் நேத்துத் தண்ணி ஊத்தல மைனி. ஊத்தச் சொன்னாவ. நான் ஊத்தல. அதுக்குத்தான் எந்திச்சுப் போனாவ."

சொர்ணம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். எந்தத் தண்ணீர், எதற்கு என்று கேட்கவில்லை. "கயித்த எங்கிட்டக் குடு. நீ அந்தப் பக்கம் பிடி," என்றாள். இருவருமாக நடந்தார்கள்.

குழாயடியில் திரும்பும்போது சிட்டு நின்றுவிட்டது. இழுத்தும் வரவில்லை. படுக்கப் போகிறது என்று பேராச்சி வயிற்றில் கை கொடுத்தாள். வால் மெல்ல உயர்ந்தது. நீளமாக ஒரு காற்றுப் பிரிந்தது. பிறகு லத்தி விழுந்தது, மழையில் ஆவி பறக்க.

"யா அல்லா!" என்று ஷரீஃபுன்னிசா சத்தமாகச் சிரித்துவிட்டு, துட்டி வீடு என்பது நினைவு வர வாயைப் பொத்திக்கொண்டாள்.

பேராச்சி காதை வைத்தாள். முதலில் தன் மூச்சுதான் கேட்டது. அடக்கிக்கொண்டாள். எங்கோ ஆழத்தில் ஒரு கூழாங்கல் புரண்டது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. அப்புறம் வரிசையாக உருள ஆரம்பித்தன. அவள் காதை எடுக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்த ஈரமான வயிற்றில் கன்னத்தை வைத்து நின்றாள்.

"கியா ஹுவா? யம்மா, என்னாச்சு?"

சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பியிருந்தார்கள். மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக வானமாமலை முன்னால் நின்றான். கக்கத்தில் துண்டில் சுற்றி என்னவோ வைத்திருந்தான்.

"கோட்டை மேட்டுல நின்னுட்டு வாரான்," என்றார் ஹமீது. "நேரா வீட்டுக்குத்தான் போவணும், நடுவுல எங்கயும் நிக்கக்கூடாதுன்னு எல்லாரும் சொல்லியாச்சு. கேக்க மாட்டேன்னுட்டான்."

வானமாமலை துண்டைப் பிரித்தான். புல். அரிவாள் இல்லாமல் கையால் பிடுங்கியது, வேரும் மண்ணுமாக இருந்தது. அவன் விரல்களில் புல் கீறிய கோடுகள். தாதர் ஒர்க்ஷாப்பில் வேலை பார்க்கிறவன், குதிரை நாற்றம் ஆகாது என்று தொழுவத்துப் பக்கமே வராத பிள்ளை.

"மூணு தடவ சொன்னியேம்மா," என்றான். "மேட்டுப் புல்லுதான். ஓடப் புல்லு இல்ல."

பேராச்சி ஒரு பிடியை எடுத்தாள். வேரைக் கிள்ளிப் போட்டாள். தண்ணீர் தெறிக்க உதறினாள். ஒரு முள்ளைப் பொறுக்கி எறிந்தாள். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். நீட்டியபோது சிட்டு உதட்டால் தடவி, ஒரே ஓர் இணுக்கை இழுத்து மென்றது. போதும் என்று மிச்சத்தை அவள் வைத்துக்கொண்டாள். இன்றைக்கு இவ்வளவுதான். நாளைப் பகலில் புல் மட்டும். வயிறு சரியானால் சாயங்காலம் வெந்த கொள்ளில் ஒரே ஒரு கை.

தலைவாசலில் எல்லாரும் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்கள். சொர்ணம்மாள் அழைத்தாள், யாரோ கொண்டுவந்த சோறு ஆறுகிறது என்று. பேராச்சி "வாரேன் மைனி" என்றாள். தொழுவத்துக்குள் வாளி அப்படியே இருந்தது. முகர்ந்தாள். பகல் முழுக்க நின்று புளித்திருந்தது. அவர் இதைக் கொடுக்கமாட்டார். வெளியே கொட்டி, வாளியை இரண்டு தரம் அலசினாள். சாக்கிலிருந்து புதுக் கொள்ளை அளந்து போட்டாள். தகரத்தடியில் கிடந்த செம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றினாள்.

கொள்ளின்மேல் விரல்களைப் படுக்கவைத்துப் பார்த்தாள். மூன்று விரல்தான் நனைந்தது. இன்னும் ஒரு செம்பு ஊற்றினாள்.